"கூடாது" என்பதும் "இல்லை" என்பதும்

தவக்காலத்தில் நம்மில் பலருடைய வீடுகளில் கறிச்சட்டி கவிழ்த்து வைக்கப்படுகிறது. அந்த 40 நாள்களில் பிற சமய நண்பர் வீட்டு விருந்தில் பிரியாணி பரிமாறினாலும், "எங்களுக்குத் தவக்காலம், கறி தொடுறதில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பரிமாறுகிறவரும் நம் இலையைத் தாண்டிப் போய்விடுகிறார். நமக்கும் அது பெரிய போராட்டமாகத் தெரிவதில்லை.

சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகு, அதே நாம் என்ன செய்கிறோம்? கிறிஸ்து பிறப்பு விழாவில் கேக்குத் தட்டை நீட்டும்போது, "டாக்டர் சாப்பிடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்கிறோம். "ஒரு துண்டுதானே, ஒண்ணும் ஆகாது" என்று உடனே பதில் வருகிறது. நம் கையும் நீண்டுவிடுகிறது. "கூடாது" என்பது வேறொருவர் போட்ட தடை. தடை என்றால், எங்கே தளர்த்தலாம் என்றுதான் மனம் தேடும். "சாப்பிடுவதில்லை" என்பதோ நாம் யார் என்று சொல்லும் சொல். அதனோடு யாரும் பேரம் பேச வருவதில்லை.

இது சின்ன விஷயமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. காலில் ஆறாத புண், மங்கும் பார்வை, பழுதாகும் சிறுநீரகம் என்று அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அனுபவத்தில் அறிந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

நடையும் இப்படித்தான். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நாள்கணக்கில் நடக்கிறோம். திருப்பயணி என்ற எண்ணமே கால்களை இழுத்துச் செல்கிறது. ஊர் திரும்பியதும் தெருமுனைக் கடைக்கு பைக்கை எடுக்கிறோம்! பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். திருப்பயணத்தில் ஒரே காலையில் நாம் நடந்து முடிக்கிற நேரம்தான் அது.

ஆனால், இந்த அடையாளம் வாயால் சொன்னதும் வந்துவிடாது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு புதிய செயல், யோசிக்காமலே நடக்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று தெரிந்தது. தவக்காலமோ 40 நாளில் முடிந்துவிடுகிறது. பாஸ்கா ஞாயிறன்று பழைய தட்டு அப்படியே திரும்பி வருவதில் வியப்பில்லை.

எனவே சின்னதாகத் தொடங்கி, உயிர்ப்பு விழாவுக்குப் பிறகும் விடாமல் பிடித்துக்கொள்வோம். இரவுச் சோற்றுக்கு முன் ஒரு கிண்ணம் காய்கறி. திருப்பலிக்கு நடந்தே வருவது. (அடுத்தவர் இலையை எட்டிப் பார்த்து அறிவுரை சொல்வது இதில் சேராது.) "எங்க அப்பா கோயிலுக்கு நடந்துதான் போவாரு" என்று பிள்ளைகள் பிறரிடம் சொல்லத் தொடங்கினால், பழக்கம் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் குலைந்துவிடாது என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. மறுநாள் அதே நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டால் போதும்.