மணல் அரைத்த யானைகள்

சீனாவின் அன்யாங் நகருக்கு அருகே 1976-இல், செங் ஜென்ஷியாங் என்ற தொல்லியலாளரின் குழு கொள்ளையர் கை படாத ஒரு கல்லறையைத் திறந்தது. ஷாங் வம்ச அரசர் வூ டிங்கின் மனைவி ஃபூ ஹாவ் அங்கே அடக்கம் செய்யப்பட்டுச் சுமார் 3,200 ஆண்டுகள் ஆகியிருந்தன. படை நடத்திப் போருக்குப் போன அரசி அவர். உடன் வைத்திருந்தவற்றில் ஜேட் என்ற கல்லில் செய்த 755 பொருள்கள். புலி, கரடி, கிளி, மீன், கும்பிடுபூச்சி, கையடக்கமான யானைகள்!

வட சீனாவில் யானையா? அன்று அந்தப் பகுதி இன்றைவிட வெதுவெதுப்பானது. அன்யாங் மண்ணில் யானை எலும்புகளே கிடைத்திருக்கின்றன. அதைவிட எனக்கு வியப்பு, இந்த யானைகளை எப்படிச் செய்தார்கள் என்பதுதான். ஜேட்டில் உளி வேலைக்கு ஆகாது.

பழைய சீன ஜேட் பெரும்பாலும் நெஃப்ரைட் என்ற கனிமம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 6 முதல் 6.5 வரை, சாதாரணக் கத்தி கீறாது. கடினத்தைவிட அதன் உறுதி பெரிது. நுண்ணோக்கியில் பார்த்தால், தேங்காய் மட்டை நார் போல மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அடித்தால் விரிசல் ஓட நேர்வழி கிடைக்காது. அதனால் சில்லுச் சில்லாகப் பெயர்த்தெடுக்க முடியாது. அரைத்துத் தேய்த்துத்தான் உருவம் கொண்டுவர வேண்டும்.

அரைப்பது மணல். குவார்ட்ஸ் மணலின் கடினம் 7. ஈரமணலைக் கல்லில் பரப்பி, அதன்மேல் நூல்கயிற்றை முன்னும் பின்னும் இழுத்தால், கயிறு மணலை நகர்த்தும், மணல் கல்லைத் தின்னும். துளையிட மூங்கில் குழல் போதும். அதைச் சுழற்றினாலும் வேலை செய்வது மணலே. தடிமனான கல்லை இரண்டு பக்கமிருந்தும் துளைப்பார்கள். நடுவில் இரண்டும் சரியாகச் சந்திக்காமல் ஒரு சிறு விளிம்பு நின்றுவிடும். அந்த விளிம்பைப் பார்க்கும்போது கல்லுக்கு இருபுறமும் உழைத்த கைகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

இந்த வேலை ஷாங் காலத்துக்கும் முந்தையது. 1971-இல் உள் மங்கோலியாவில் கிடைத்த, வளைந்த ஜேட் டிராகன் 26 செ.மீ. உயரம், ஹோங்ஷான் மக்கள் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் செய்தது. முதுகில் ஒரு சிறு துளை. அதில் கயிறு கோத்துத் தொங்கவிட்டால் தலையும் வாலும் ஒரே மட்டத்தில் நிற்கும். எடையைக் கணித்து இடம் பார்த்திருக்கிறார்கள். ஃபூ ஹாவின் கல்லறையிலும் ஹோங்ஷான் பாணிப் பொருள்கள் உண்டு. அரசியின் காலத்திலேயே அவை பழம்பொருள்கள்!

அன்யாங்கிலேயே 1975-இல் கிடைத்த ஜேட் ஆமை ஒன்றும் உண்டு. ஓடு கறுப்பு, வயிறு வெளிறிய நிறம். சாயமில்லை, கல்லில் இயல்பாக இருந்த நிறப்பட்டையைப் பார்த்து, ஆமை அங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டவர் பெரிய கலைஞர்.

ஃபூ ஹாவுக்கு ஆயிரம் ஆண்டுகள் கழித்து, ஹான் வம்ச காலத்தில் இறந்தவரின் நாக்கில் ஜேட் சில்வண்டை வைத்தார்கள். மண்ணுக்குள் வளர்ந்து, மேலே வந்து, கூட்டை உரித்துப் பறக்கும் பூச்சி அது. சில நேர்க்கோடுகளிலேயே இறக்கையும் உடலும் முடிந்துவிடும்.

இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வாளர்கள் இத்தகைய கோடுகளில் சிலிக்கோன் வைத்து அச்செடுத்து, மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கோடு கயிற்றால் வந்ததா, சுழலும் தட்டால் வந்ததா, கையில் பிடித்த கூர்முனையால் வந்ததா என்பதைப் பள்ளத்தின் வடிவமும் அதிலுள்ள கீறல்களும் சொல்லிவிடுகின்றன.