எல்லைப்புறத்தில் எண்ணெய் விலை

கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஜனங்களுக்கு ஒரு விசித்திரமான கணக்கு நாள்தோறும் எதிர்ப்படுகிறது. ஹோசூரைக் கடந்து ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. நடுவே மலையுமில்லை, ஆறுமில்லை. ஒரே சாலை, ஒரே கம்பெனிகளின் எண்ணெய். ஆயினும் டீஸலுக்கு அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை. இவ்வித்தியாசத்தை உண்டாக்குவது எண்ணெயன்று, வரியே.

2010 ஜூனில் பெட்ரோலுக்கும், 2014 அக்டோபரில் டீஸலுக்கும் இருந்த விலைக் கட்டுப்பாட்டை இந்திய சர்க்கார் நீக்கினர். 2017 ஜூலையில் தேசமெங்கும் ஜி.எஸ்.டி. அமுலுக்கு வந்தபோது இவ்விரண்டும் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே மத்திய சர்க்காரின் தீர்வைக்கு மேல் ஒவ்வொரு ராஜ்யமும் தன் இஷ்டம்போல் விற்பனை வரி விதிக்கலாயிற்று.

இதன் பலனைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தது, டீஸலைத் தொடவில்லை. அவ்வருஷம் நவம்பரில் கர்னாடகம் இரண்டிற்கும் ஏழு ரூபாய் குறைத்தது. லாரிகள் அத்திப்பள்ளிப் பக்கம் டாங்கியை நிரப்பிக்கொண்டு வருவது லாபமாயிற்று. நம் பக்கத்து பங்குகளின் வியாபாரமும், அதனால் நம் பொக்கிஷமும் குன்றின. பிறகு 2024 ஜூனில் கர்னாடகம் பெட்ரோல் வரியை நூற்றுக்கு 25.92-லிருந்து 29.84-ஆக உயர்த்திற்று; டீஸல் வரியும் ஏறியது. 2025 ஏப்ரலில் டீஸல் வரி மீண்டும் ஏறியது. இப்படி அயலார் வரியில் கிடைக்கும் லாபம் நிலையற்றது.

அந்த லாபமும் யாருக்கு? வழிப்போக்காகச் செல்லும் லாரிக்கே. லிட்டருக்கு மூன்று ரூபாய் வித்தியாசமென்று வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரியிலிருந்து எல்லைக்குச் சென்று திரும்ப நூறு கிலோமீட்டருக்கு மேலாகிறது. லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிள்காரர் பத்து லிட்டரில் முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்க இரண்டு லிட்டரை எரிக்க வேண்டும்! அதற்கும் அப்பாலுள்ள பாரூரில் டிராக்டர் ஓட்டும் குடியானவருக்கோ எந்த வழியுமில்லை. ஊரை விட்டு நகர முடியாதவரே முழுப் பாரத்தையும் சுமக்கிறார்.

ஆகையால் மிச்சத்தை எல்லைக்கு அப்பால் தேடாமல் வண்டியிலேயே தேடுவது விவேகம். வாரந்தோறும் டயரின் காற்றைப் பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் எண்ணெயைக் குடிக்கும். கிளட்சின்மேல் காலை வைத்தபடியே ஓட்டலாகாது. ரயில்வே கேட்டிலும் சிக்னலிலும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்து, வேண்டாத சுமையை இறக்கிவிட வேண்டும். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானதென்று பெட்ரோலியம் சிக்கன ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது கரிவாயுவில் பஸ் ஓட்டிய நம் நாட்டாருக்குச் சிக்கனம் புதிதன்று.

ஆனால் ஜனங்களின் சிக்கனம் சர்க்கார்களின் கடமைக்கு ஈடாகாது. 2021 செப்டம்பர் 17-ல் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்ஸில், பெட்ரோலையும் டீஸலையும் பொது வரிக்குள் சேர்க்க இன்னும் காலம் வரவில்லையென்றது. வரி வருமானத்தை இழக்க ராஜ்யங்கள் அஞ்சுவது நியாயமே. பள்ளியும் ஆஸ்பத்திரியும் அதனாலேயே நடக்கின்றன. எனினும், அவர்களுக்கு நஷ்டஈடு அளித்து ஒரே வரி ஏற்படுத்த மத்திய சர்க்கார் முன்வர வேண்டும். அதுவரையில் அண்டை ராஜ்யங்கள் இரண்டும் கலந்து பேசியாவது வரியைச் சமன் செய்யலாம். ஒரே தேசத்தில், ஒரே சாலையில், ஒரே எண்ணெய்க்கு இரண்டு விலை இருப்பது நீதியாகாது. ஜில்லாவின் பிரதிநிதிகள் இதை சட்டசபையில் எழுப்புவார்களாக.