திறப்புத்தான் சொத்து

எனது வாப்பா யாழ்ப்பாணம் பெரியகடையில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்தவர். சோனகத் தெருவில் எமது வீட்டு நடு அறையில் ஒரு இரும்புப் பெட்டகம் இருந்தது. நான்கு தடித்த ஆணிகளால் தரையோடு இறுக்கப்பட்ட பெட்டகம் அது. கடைக் கணக்குப் புத்தகம், காணி உறுதி, உம்மாவின் நகைகள் என எல்லாமே அதற்குள்தான்.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி காலையில் ஜின்னா மைதானத்தில் கூடுமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எமக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வாப்பா பெட்டகத்தைப் பூட்டி, திறப்பைச் சாரத்தின் மடியில் செருகிக்கொண்டார். "ரெண்டு கிழமையில வந்திடலாம்" என்று உம்மாவுக்குச் சொன்னார். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலின் கம்பத்தில் அந்தத் திறப்பு பன்னிரண்டு வருடங்கள் தொங்கியது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பின்னர் வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. நடு அறையில் நான்கு ஆணித் துளைகள் மாத்திரம் இருந்தன. வாப்பா மர்ஹூமாகிவிட்டார். திறப்பு இன்றும் என்னிடம் இருக்கிறது.

பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் எனது ராத்தாவின் மகன். துபாயில் ஆறு வருடம் வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் மிஞ்சியதைக் கொண்டு அவர் அங்கேயே சிறிது சிறிதாக பிட்கொயின் வாங்கியிருக்கிறார். ஊர் திரும்பியபோது, பென்ட்ரைவ் அளவிலான ஒரு கருவியையும் கொண்டு வந்தார். அது அவரது கடை லாச்சிக்குள் பற்றுச்சீட்டுப் புத்தகங்களோடு கிடந்தது. 2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் டெங்கு பரவியபோது அவரும் வைத்தியசாலையில் படுத்தார். நான்கு நாட்கள் நிலைமை மோசமாக இருந்தது. வாசலில் நின்ற அவரது மனைவி என்னிடம், "மாமா, அவர் என்னவோ ஒண்டில காசு வச்சிருக்கிறதா சொன்னவர். அது எங்க, எப்படி எடுக்கிறது எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது" என்று அழுதார். எனக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அல்ஹம்துலில்லாஹ், மருமகன் சுகமாகி வந்தார். அதன் பின்னர் அவரோடு உட்கார்ந்து இந்த விடயத்தைப் படித்தேன். எமது வியாபாரிகளின் பிள்ளைகள் பலரிடம் இவ்வாறான கருவிகள் இருப்பதாக அறிகிறேன். எனவேதான் இவ்வாரம் இதை எழுதுகிறேன்.

மத்திய வங்கி சொல்வது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதை வாங்குங்கள் என்று இந்தப் பத்தி சொல்லவில்லை. கிரிப்டோ நாணயம் இலங்கையில் சட்டரீதியான நாணயம் அல்ல. மத்திய வங்கி பல தடவைகள் பொதுமக்களை எச்சரித்துள்ளது. 2022 ஜூலையில் வெளியிட்ட அறிவித்தலில், வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான பணிப்புரைப்படி கடனட்டை, பற்று அட்டை மூலம் இதற்குப் பணம் செலுத்த அனுமதியில்லை என்பதையும் அது நினைவூட்டியது. சட்டம் மாறக்கூடியது. ஒரு சதம் போடுவதற்கு முன்னரும் அன்றைய நிலையை வங்கியிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள். மார்க்க ரீதியான தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். ஏற்கனவே வைத்திருப்பவர் அதை வீட்டில் எவ்வாறு பாதுகாப்பது என்பதே இங்கு எமது பேச்சு.

சொத்து எங்கே இருக்கிறது?

"மாமா, எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்று மருமகன் அந்தக் கருவியைக் காட்டினார். அது பிழை. கருவிக்குள் நாணயம் எதுவும் இல்லை. யாரிடம் எவ்வளவு உள்ளது என்ற பேரேடு உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரியாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பேரேட்டில் உங்கள் பெயரில் இருப்பதை இன்னொருவருக்கு மாற்றுவதற்கு ஓர் இரகசிய இலக்கம் வேண்டும். அதுதான் திறப்பு. கருவி அந்தத் திறப்பை இணையத்தோடு தொடர்பில்லாமல் பூட்டி வைக்கிறது. அவ்வளவுதான்.

கருவியை முதன்முதலில் இயக்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை அது காட்டும். 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து அவை பொறுக்கப்படுகின்றன. அந்தச் சொற்களை அதே ஒழுங்கில் வைத்திருப்பவர், கருவி உடைந்தாலும் களவு போனாலும், இன்னொரு கருவி வாங்கி எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளலாம். அதேபோல் அந்தச் சொற்களைக் கண்டுகொண்ட திருடனும் உங்கள் கருவியைத் தொடாமலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம்.

வாப்பாவின் நிலைமை இங்கு தலைகீழாகிறது. அவரிடம் திறப்பு இருந்தது, பெட்டகம் போனது, சொத்தும் போனது. இங்கு பெட்டகம் எரிந்தாலும் திறப்பு இருந்தால் சொத்து இருக்கும். திறப்பு தொலைந்தால் எந்த வங்கி முகாமையாளரிடமும் போய் முறையிட முடியாது.

இந்தத் தொல்லை எதற்கு, வாங்கி விற்கும் நிறுவனத்திடமே விட்டு வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் நிறுவனம் வீழ்ந்தபோதும், 2024 ஜூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 230 மில்லியன் டொலர் களவு போனபோதும் அவ்வாறு விட்டு வைத்தவர்கள்தான் அந்தரித்தார்கள். ஆகவே வீட்டில் வைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டில் வைப்பவர் தானே காவலாளி, தானே முகாமையாளர் என்பதை மறந்துவிடலாகாது.

வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹோவல்ஸ் என்பவரின் கதையை வாசகர்கள் அறிந்திருக்கலாம். ஏறத்தாழ 8,000 பிட்கொயின்களுக்கான திறப்பு இருந்த கணினி வன்தட்டு 2013 இல் குப்பையோடு போய்விட்டது. குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு வருடக்கணக்காக அலைந்தார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவரது வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் திறப்பின் பிரதியை வேறோரிடத்தில் வைத்திருந்தால் அந்த வன்தட்டு வெறும் பழைய இரும்புதான்.

கடதாசியும் ஸ்டீலும்

மருமகன் தனது 24 சொற்களை ஒரு நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதியிருந்தார். போதாததற்குக் கைத்தொலைபேசியில் படமும் எடுத்திருந்தார். அந்தத் தொலைபேசியை ஒரு கடையில் கொடுத்துப் புதியது மாற்றியும் விட்டார். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. தொலைபேசியில் எடுக்கும் படம் பல வேளைகளில் நாம் அறியாமலேயே இணையச் சேமிப்புக்குப் போய்விடுகிறது. பின்னர் கருவி இணையத்தில் இல்லை என்று சொல்வதில் என்ன பயன்? சொற்களைப் படம் எடுக்கக் கூடாது, தட்டச்சு செய்யக் கூடாது, மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ அனுப்பக் கூடாது. ஒரு தடவை அவ்வாறு செய்திருந்தால் அந்தச் சொற்கள் பழுதாகிவிட்டன என்றே கொள்ள வேண்டும். நாங்களும் கருவியில் புதிய சொற்களை உருவாக்கி, இருந்ததை அதற்கு மாற்றினோம்.

அடுத்தது கடதாசி. கடையில் இயந்திரம் அடித்துத் தரும் பற்றுச்சீட்டு சில மாதங்களில் வெள்ளைத் தாளாகிவிடுவதை நாம் தினமும் காண்கிறோம். எமது குடாநாட்டில் உப்புக் காற்று, கறையான், மாரி மழை மூன்றும் உண்டு. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது வெள்ளம் புகுந்த வீடுகளில் ஊறிப்போன உறுதிகளை வெயிலில் காய வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே உலோகம்தான் உகந்தது. வெளிநாட்டில் இதற்கென்றே தகடுகள் விற்கிறார்கள். இரும்புக் கடைக்காரனான எனக்கு அது தேவைப்படவில்லை. இரண்டு மில்லிமீற்றர் தடிப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டுத் துண்டும், சுத்தியலால் அடித்து எழுத்துப் பதிக்கும் உளித் தொகுதி ஒன்றும் போதும். அலுமினியம் வேண்டாம். அது 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். பெரிய தீ அந்த வெப்பத்தைத் தாண்டக்கூடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருக ஏறத்தாழ 1,400 பாகை வேண்டும். இந்தச் சொற்பட்டியலில் முதல் நான்கு எழுத்துகளே ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டிவிடும் என்பதால் 24 சொற்களுக்கும் 96 எழுத்துகளுக்கு மேல் அடிக்க வேண்டியதில்லை. ஒழுங்கு மாறாமல் இலக்கமிட்டு அடிக்க வேண்டும்.

பாத்திரத்தில் பெயர் வெட்டுபவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். வெட்டுபவர் நல்லவராக இருக்கலாம், ஆனாலும் சொற்கள் இரண்டாமவரின் கண்ணில் படக்கூடாது. மருமகன் எனது கடையின் பின்னறையில் தானே அடித்தார். நான் வெளியில் வந்து நின்றேன். மாமாவாக இருந்தாலும் அதைப் பார்க்கத் தேவையில்லை.

ஓரிடத்தில் வைக்கலாகாது

1990 எமக்குக் கற்பித்தது இதுதான். ஒரே வீட்டில் இருப்பது ஒரே நாளில் போய்விடும். 1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறு எங்கும் பிரதி இருந்தவற்றை மீண்டும் தேடலாம். பிரதியே இல்லாத ஏடுகள் போனது போனதுதான்.

எனவே இரண்டு தகடுகள் செய்ய வேண்டும். அவை ஒரே ஊரில் இருக்கக் கூடாது. எமக்கு இது சிரமமல்ல. வடபுல முஸ்லிம் குடும்பங்களில் பலவற்றுக்கு இன்றும் புத்தளத்தில் ஒரு வீடும் யாழ்ப்பாணத்தில் ஒரு வீடும் உண்டு. இரண்டாவது தகட்டை உறையிலிட்டு, திறந்தால் தெரியும்படி முத்திரையிட்டு, நம்பிக்கையான இரத்த உறவினரிடமோ வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்திலோ வைக்கலாம். சொற்களை இரண்டாக வெட்டி, பாதியை இங்கும் பாதியை அங்கும் வைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் ஒரு பாதி தொலைந்தாலும் எல்லாம் தொலைந்துவிடும். பெருந்தொகை வைத்திருப்பவர்களுக்கு மூன்று திறப்புகளில் ஏதாவது இரண்டு இருந்தால் மட்டும் திறக்கும் முறை உண்டு. பள்ளிவாசல் உண்டியலை நிர்வாகிகள் இருவர் சேர்ந்து திறப்பது போன்றது அது. கற்றுக்கொண்டு செய்ய வேண்டும்.

தகடு அடித்ததோடு வேலை முடியவில்லை. சிறு தொகையை மாத்திரம் வைத்து, கருவியை முழுதாக அழித்து, தகட்டைப் பார்த்து மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். மருமகனின் முதல் தகட்டில் ஒரு எழுத்துப் பிழை இவ்வாறுதான் அகப்பட்டது. திறக்கிறதா என்று பார்க்காத பூட்டை எந்த வியாபாரியும் கடைக்குப் போட மாட்டான்.

வாயும் ஒரு பூட்டு

கருவி செய்யும் லெட்ஜர் நிறுவனத்தின் ஏறத்தாழ 270,000 வாடிக்கையாளர்களின் பெயர் முகவரிகள் 2020 இல் வெளியே கசிந்தன. அதன் பின்னர் சிலரின் வீட்டுக்குத் தபாலில் போலிக் கருவிகளே வந்து சேர்ந்தன. 2025 ஜனவரியில் அதே நிறுவனத்தின் இணை நிறுவனர் டேவிட் பாலாண்ட் பிரான்ஸில் கடத்தப்பட்டார். பொலிஸார் மீட்பதற்கு முன்னர் அவரது விரல் ஒன்று வெட்டப்பட்டிருந்தது. எத்தகைய பூட்டும் உரிமையாளரை மிரட்டித் திறக்க வைப்பவனைத் தடுக்காது. எவ்வளவு இருக்கிறது என்பதைத் தேநீர்க் கடையிலும் கல்யாண வீட்டிலும் பேசாதிருப்பதே பெரிய பாதுகாப்பு.

கருவியைத் தயாரிப்பாளரிடமோ அவரது அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பெட்டிக்குள் சொற்கள் ஏற்கனவே அச்சிடப்பட்டு வந்தால் அது மோசடி. உங்கள் சொற்களைக் கேட்டுத் தொலைபேசியில் யார் வந்தாலும் அவர் திருடன்தான். இதில் விதிவிலக்கு இல்லை.

வாரிசுகளுக்கு

எமது வாரிசுரிமை இந்நாட்டில் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. கடனை அடைத்து, வஸிய்யத் இருந்தால் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் நிறைவேற்றி, மிச்சத்தை உரியவர்களுக்குப் பங்கிட வேண்டும். ஆனால் இருக்கிறதென்றே தெரியாத சொத்தை யார் பங்கிடுவது? கடன்காரருக்கும் கிடைக்காது, மனைவி மக்களுக்கும் கிடைக்காது. அந்த நான்கு நாட்களும் வைத்தியசாலை வாசலில் எமக்கு இருந்த நிலைமை இதுதான்.

மருமகன் இப்போது ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறார். இப்படி ஒரு சொத்து உண்டு, தகடுகள் இரண்டு இடங்களில் உள்ளன, திறக்கும்போது இருக்க வேண்டியவர்கள் இன்னார், தெரியாத எவரிடமும் உதவி கேட்க வேண்டாம் என்பதே அதிலுள்ளவை. சொற்கள் அதில் இல்லை. கடிதம் இருப்பது அவரது மனைவிக்கும் எனக்கும் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை, கடைக் கணக்கு முடிக்கும் காலத்தில், தகடுகள் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வார்.

பிட்கொயின் இல்லாதவர்களும் இன்றிரவு ஒரு காரியம் செய்யலாம். காணி உறுதி எங்கே, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடம் எவ்வளவு வர வேண்டும், வங்கிக் கணக்குகள் எவை என்பதை ஒரு தாளில் எழுதி, அது இருக்குமிடத்தை மனைவியிடம் சொல்லி வையுங்கள். 1990 இல் புத்தளத்துக்கு வந்து சேர்ந்த பின்னர் வாப்பா தனக்கு வர வேண்டிய கடன்களை நினைவிலிருந்து எழுதப் பார்த்தார். பாதிக்கு மேல் அவரால் எழுத முடியவில்லை. கணக்குப் புத்தகம் பெட்டகத்துக்குள் இருந்தது.