பேஸ் கிதார் ஏன் கேட்கவில்லை?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் மாணவர்களின் மெல்லிசைக் கச்சேரி நடந்தது. இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன் ஒருவன் பேஸ் கிதார் வாசித்தான். கையில் இருந்த பணத்துக்கு ஏற்றபடி, சாதாரண கிதாருக்கு உரிய சிறிய ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். முதல் பாட்டு முடிந்ததும் பின்வரிசையில் இருந்த நண்பர்கள், "கேட்கவில்லை" என்று கையை ஆட்டினார்கள். அவன் 'பேஸ்' என்று எழுதியிருந்த குமிழை முழுவதும் திருகினான். வால்யூமையும் ஏற்றினான். மூன்றாவது பாட்டில் கரகரவென்று ஓர் ஓசை எழுந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துவிட்டது. விடுதிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து அவன் பெட்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை ஆய்வகத்துக்கு வந்து நின்றான். "சார், குமிழைத் திருகினால் சத்தம் கூடணும்தானே? கூடவே இல்லையே, ஏன்?" என்று கேட்டான். நல்ல கேள்வி! அன்று அவனுக்குச் சொன்ன பதிலை இன்று உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் சிலர் நாளை மேடை ஏறக்கூடும். ஏறாவிட்டாலும் பாட்டுக் கேட்காதவர் யார்?

தடித்த கம்பியின் கதை

பேஸ் கிதாரில் பொதுவாக நான்கு கம்பிகள் உண்டு. அவற்றின் அதிர்வெண்கள் முறையே 98, 73.4, 55, 41.2 ஹெர்ட்ஸ். சாதாரண கிதாரின் மிகத் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ் தருகிறது. அதில் சரிபாதி 41.2. அதாவது பேஸ் கிதார் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது.

ஒரு கம்பியின் அதிர்வெண்ணைப் பாதியாக்க என்ன செய்யலாம்? மேல்வகுப்பில் சுரமானிச் சோதனை செய்யும்போது இதைக் கண்ணாலேயே காண்பீர்கள். மூன்று வழிகள் உள்ளன. கம்பியின் நீளத்தை இரு மடங்காக்கலாம். அல்லது இழுவிசையை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கலாம். அல்லது ஓரலகு நீளத்தின் நிறையை நான்கு மடங்காக்கலாம்.

கிதார்க் கம்பியின் நீளம் சுமார் 65 செ.மீ. அதை இரட்டித்தால் 130 செ.மீ. ஆகிவிடும், தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கக் கை எட்டாது. இழுவிசையைக் குறைத்தாலோ கம்பி துணி உலர்த்தும் கொடிபோலத் தொய்ந்துவிடும். 1951-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து வந்த லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் கம்பியின் நீளம் சுமார் 86 செ.மீ. குறைந்ததை நிறையால் ஈடுகட்டினார்கள். இன்றும் பெரும்பாலான பேஸ் கிதார்கள் இதே நீளம்தான்.

அந்தத் தடித்த கம்பியின் விட்டம் சுமார் 2.7 மி.மீ. ஒரு மீட்டர் கம்பி ஏறத்தாழ 32 கிராம் எடை இருக்கும். ஒரே உருக்குக் கம்பியாக இவ்வளவு தடிமனில் செய்தால் அது விறைப்பான கோல்போல ஆகிவிடும். ஆகவே மெல்லிய உருக்குக் கம்பியின்மேல் வேறொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். எடை கூடும், விறைப்பு அவ்வளவாகக் கூடாது.

கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும் உள்ளன. இதற்குப் 'பிக்கப்' என்று பெயர். காந்தத்தால் காந்தமாக்கப்பட்ட உருக்குக் கம்பி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலேதான்! ஆக, கம்பியின் அதிர்வு மின்சாரமாகிவிட்டது. இனி அதை ஆம்ப்ளிஃபையரால் பெருக்கி, ஸ்பீக்கருக்குக் கொடுத்து, மீண்டும் ஒலியாக்க வேண்டும். தொல்லை தொடங்குவது இங்கேதான்.

ஒரு டம்ளர் காற்று

ஸ்பீக்கர் என்பது காற்றைத் தள்ளும் கருவி. அதிர்வெண் பாதியானால், அதே ஒலிச் செறிவைப் பெறக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். கிதாரின் மிக மெல்லிய கம்பி சுமார் 330 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த கம்பி அதில் எட்டில் ஒரு பங்கு. எட்டின் வர்க்கம் 64 அல்லவா? ஆகவே 64 மடங்கு அதிகமாகக் காற்றைத் தள்ளியாக வேண்டும்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தரையில் வைத்த பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் ஒலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 330 ஹெர்ட்ஸுக்குக் கூம்பு ஒவ்வொரு பக்கமும் தள்ள வேண்டிய காற்று சுமார் 3½ கன செ.மீ. ஒரு தேக்கரண்டிகூட இல்லை. 41 ஹெர்ட்ஸுக்கோ சுமார் 220 கன செ.மீ. அதாவது ஒரு டம்ளர் நிறையக் காற்றை வினாடிக்கு 41 தடவை முன்னும் பின்னும் தள்ள வேண்டும்!

நம் மாணவன் எடுத்துச் சென்ற பெட்டியில் 20 செ.மீ. ஸ்பீக்கர் ஒன்றுதான் இருந்தது. அதன் கூம்பின் பயன்படும் பரப்பு சுமார் 210 சதுர செ.மீ. ஒரு டம்ளர் காற்றைத் தள்ள அது ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ.க்கு மேல் அசைய வேண்டும். கிதாருக்கான ஸ்பீக்கர் சில மில்லிமீட்டருக்கு மேல் அசையும்படி செய்யப்பட்டதல்ல. அது கிழிந்ததில் என்ன வியப்பு?

1969-இல் ஆம்பெக் என்ற அமெரிக்க நிறுவனம் பெரிய அரங்குகளுக்காக 300 வாட் பேஸ் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கான பெட்டியில் 25 செ.மீ. ஸ்பீக்கர்கள் எட்டு இருந்தன. எட்டும் சேர்ந்தால் அதே ஒரு டம்ளர் காற்றுக்கு ஒவ்வொரு கூம்பும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே போதும். பேஸ் வாசிப்பவர்கள் ஆளுயரப் பெட்டியின் முன் நிற்பது பகட்டுக்காக அல்ல என்பது இப்போது விளங்குகிறதா?

காதும் கைவிடுகிறது

இவ்வளவு பாடுபட்டு ஒலியை உண்டாக்கினாலும் காது அதைச் சமமாக மதிப்பதில்லை. 1933-இல் அமெரிக்காவில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர், வெவ்வேறு அதிர்வெண் ஒலிகள் காதுக்கு ஒரே உரப்பாகத் தோன்ற எவ்வளவு செறிவு வேண்டும் என்று அளந்து வரைபடமாக வெளியிட்டனர். பின்னர் இந்த அளவுகள் மேலும் திருத்தமாக எடுக்கப்பட்டுள்ளன. அவற்றின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் அளவுள்ள ஒலியின் உரப்பு 40 ஹெர்ட்ஸில் வேண்டுமானால் 80 டெசிபலுக்கும் மேல் தேவை. ஒவ்வொரு 10 டெசிபலும் பத்து மடங்கு செறிவு. 40 டெசிபல் என்றால் பத்தாயிரம் மடங்கு!

இப்போது அந்தக் குமிழுக்கு வருவோம். பல ஆம்ப்ளிஃபையர்களில் 'பேஸ்' குமிழை முழுதும் திருகினால் கீழ் அதிர்வெண்கள் 12 டெசிபல் அளவுக்கு உயரும். 12 டெசிபல் என்பது சுமார் 16 மடங்கு திறன். 5 வாட்டில் ஓடிக்கொண்டிருந்த கருவியிடம் 80 வாட் கேட்டால் அது எங்கே போகும்? அது 30 வாட் கருவி. ஆகவே கரகரத்தது. கூம்பு எல்லை தாண்டித் துடித்தது. காது மந்தமாக இருக்கும் பகுதியிலேயே அத்தனை ஆற்றலும் செலவானதால் பின்வரிசைக்கு எதுவும் போய்ச் சேரவில்லை.

இல்லாத சுரம் கேட்கிறது

அப்படியானால் கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரில் பேஸ் எப்படிக் கேட்கிறது? 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஏறக்குறைய ஊமை. இருந்தும் இளையராஜாவின் பாட்டு ஒன்றைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு, அதன் பேஸ் வரியை உங்களால் முணுமுணுக்க முடிகிறதே!

இங்குதான் இயற்கை நமக்கு உதவுகிறது. கம்பி 41.2 ஹெர்ட்ஸில் மட்டும் அதிர்வதில்லை. அதன் மடங்குகளான 82.4, 123.6, 164.8, 206 ஹெர்ட்ஸ்களிலும் கூடவே அதிர்கிறது. இவற்றை மேற்சுரங்கள் என்போம். அடுத்தடுத்த இரு மேற்சுரங்களின் இடைவெளி எப்போதும் 41.2 தான். அடிப்படைச் சுரமே இல்லாவிட்டாலும், மேற்சுரங்கள் அமைந்திருக்கும் இந்த ஒழுங்கைக் கொண்டு மூளை, "இது 41.2 ஹெர்ட்ஸ் சுரம்" என்று முடிவு செய்துவிடுகிறது. 1840-களிலேயே ஆகஸ்ட் சீபெக் என்ற ஜெர்மானியர் துளையிட்ட சங்கொலிச் சக்கரங்களைக் கொண்டு இதைக் கவனித்தார். வெப்ப மின்சாரத்தில் 'சீபெக் விளைவு' என்று படிப்பீர்கள் அல்லவா? அதைக் கண்டறிந்தவரின் மகன் இவர்.

ஆக, பேஸ் கேட்க வேண்டுமானால் கீழ்ப்பகுதியை ஏற்றுவதைவிட மேற்சுரங்கள் உள்ள நடுப்பகுதியை ஏற்றுவதே வழி. அங்கே காது கூர்மை. ஸ்பீக்கருக்கும் பாரம் குறைவு. மாணவன் திருகியிருக்க வேண்டியது 'மிடில்' என்று எழுதிய குமிழை!

மேடை ஏறும் முன்

அன்று அவனிடம் சொன்ன குறிப்புகளை உங்களுக்கும் வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, பெட்டியின் இடம். சுவரை ஒட்டி வைத்தால் பின்னால் போகும் கீழ் ஒலியும் முன்னால் திரும்பி, 6 டெசிபல் வரை இலவசமாகக் கிடைக்கும். ஆனால் மேற்சுரங்கள் நேர்கோட்டில் செல்லும் தன்மை உள்ளவை. தரையில் வைத்த சிறு பெட்டி உங்கள் முழங்காலுக்குத்தான் வாசித்துக் காட்டும். ஒரு நாற்காலியின்மேல் ஏற்றினாலோ சற்றே மல்லாத்தி வைத்தாலோ உங்கள் காதுக்கு எட்டும். வால்யூமைக் கூட்டும் ஆசையும் குறையும்.

இரண்டாவது, வாட் கணக்கு. 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்கு உரப்பு வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு திறன் தேவை. கூடுதல் வாட்டுக்குச் செலவிடுவதைவிட இன்னொரு ஸ்பீக்கர் பெட்டி சேர்ப்பது பெரும்பாலும் மேல்.

மூன்றாவது, ஓம் கணக்கு. 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். மூன்றைச் சேர்த்தால் 2.67 ஓம். ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தில் 'குறைந்தது 4 ஓம்' என்று எழுதியிருந்தால் மூன்றாவது பெட்டியைத் தொடவே கூடாது. தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடும். கருவி சூடேறிக் கெட்டுவிடும். ஓம் விதி தேர்வுக்கு மட்டும் உரியதல்ல!

நான்காவது, உங்கள் காது. 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பல நாடுகளில் வல்லுநர்கள் பரிந்துரைக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒத்திகை முடிந்தபின் காதில் 'கொய்ங்' என்று இரைந்தால் அது எச்சரிக்கை. காதில் பஞ்சை வைப்பது போதாது. அதற்கென்றே உள்ள நுரைச் செருகிகளை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, எர்த். கிதாரின் உலோகக் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையரின் எர்த்துடன் இணைந்தவை. மைக் வேறோர் இணைப்பிலிருந்து வரும். இரண்டில் ஒன்றில் எர்த் பழுதாகி மின்சாரம் கசிந்தால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும் நொடியில் மின்சாரம் உடல் வழியே பாயும். 1972-இல் பிரிட்டனில் ஸ்வான்சீ நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்ற கிதார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். ஆகவே மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் ஒடிக்காதீர்கள். மேடையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் எர்த் உள்ள ஒரே பலகையிலிருந்து மின்சாரம் கேளுங்கள். வாசிக்கும் முன் மைக்கையும் கிதார்க் கம்பிகளையும் சோதித்துத் தரும்படி மின்பணியாளரிடம் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த ஆண்டு விழாவிலும் அதே மாணவன் வாசித்தான். இம்முறை வாடகைக்கு எடுத்தது பேஸுக்கென்றே செய்த நடுத்தரப் பெட்டி. அதைச் சுவரோரம் நாற்காலிமேல் வைத்தான். 'பேஸ்' குமிழ் நடுவில் இருந்தது. 'மிடில்' சற்றே உயர்ந்திருந்தது. நான் வேண்டுமென்றே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவன் வாசித்த ஒவ்வொரு சுரமும் எனக்குக் கேட்டது. கச்சேரி முடிந்ததும் அவன் முதலில் செய்தது, பெட்டியைத் தொட்டுச் சூட்டைப் பார்த்ததுதான்!

செய்து பாருங்கள்: ஒரே பாட்டை முதலில் கைப்பேசியிலும், பிறகு ஒரு பெரிய ஸ்பீக்கரிலும் கேளுங்கள். இரண்டிலும் பேஸ் வரியை முணுமுணுத்துப் பாருங்கள். சுரம் மாறுகிறதா? கேட்கும்போது பெரிய ஸ்பீக்கரின் பெட்டிமேல் உள்ளங்கையை வையுங்கள். கைப்பேசியில் இல்லாத எது அங்கே கைக்குத் தட்டுப்படுகிறது என்று கவனியுங்கள்.