பெயரில் தங்கிய பிழை

1918ஆம் ஆண்டின் இறுதி. பாஸ்டன் துறைமுகத்தில் காலப்ஸ் என்றொரு சிறு தீவு. கடற்படைச் சிறையிலிருந்து கூட்டிவரப்பட்ட இளைஞர் ஒருவர் ஃப்ளூ நோயாளியின் கட்டில் விளிம்பில் உட்காருகிறார். கைகுலுக்குகிறார். முகத்தோடு முகம் நெருக்கி ஐந்து நிமிடம் பேசுகிறார். பிறகு நோயாளி வேகமாக மூச்சை வெளியே விட, இவர் அதை உள்ளிழுக்க வேண்டும், ஐந்து முறை. அடுத்து, நோயாளி இவர் முகத்திலேயே இருமுவார். அதுவும் ஐந்து முறை. முடிந்ததா? எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். இப்படிப் பத்து நோயாளிகள்.

சோதனைக்கு உடன்பட்டால் தண்டனை ரத்து என்பது பேச்சு. வந்தவர்கள் 62 பேர். நடத்தியவர் மில்டன் ரோசனோ, பெயர்பெற்ற மருத்துவர். கட்டிலோரப் பேச்சுக்கு முன்பே கிருமியை மூக்கில் தெளித்துப் பார்த்தார்கள். நோயாளியின் சளியைத் தொண்டையில் தடவினார்கள். ரத்தத்தை ஊசியில் ஏற்றினார்கள். ஒருவருக்கும் ஃப்ளூ வரவில்லை! உலகமே ஃப்ளூ கொள்ளைநோயில் இருமிச் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் இது. அந்த இளைஞர்களுக்கு முன்பே நோய் வந்து எதிர்ப்புச் சக்தி இருந்ததா, நோயாளிகள் தொற்றைப் பரப்பும் கட்டத்தைத் தாண்டிவிட்டார்களா என்று இன்று ஊகிக்கலாம். அன்று எல்லோரும் விழித்தார்கள்.

அவர்கள் மூக்கில் தெளித்த கிருமிதான் இந்தக் கதையின் வில்லன். அதாவது, பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட வில்லன். நுண்ணுயிரியல் முன்னோடி ராபர்ட் கோக்கின் சீடரான ரிச்சர்ட் ஃபைஃபர், 1892இல் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் ஒரு குட்டிக் குச்சி வடிவ பாக்டீரியாவைக் கண்டு, ஃப்ளூவுக்குக் காரணம் இதுதான் என்று அறிவித்தார். சொன்னவர் பெர்லின்காரர், அதுவும் கோக்கின் பள்ளி. மறுபேச்சு ஏது? பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது.

1918இல் பல ஆய்வகங்களில் அந்தக் கிருமி சில நோயாளிகளிடம் கிடைத்தது, சிலரிடம் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ‘ஃபைஃபர் தவறோ’ என்று நினைத்தவர்கள் குறைவு. ‘நமக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை’ என்று நினைத்தவர்களே அதிகம். ரத்தம் கலந்த ஊடகத்தில் மட்டுமே வளரும் அடம்பிடித்த கிருமி என்பதால் அந்தச் சந்தேகத்துக்கு இடமும் இருந்தது. அதை வைத்துத் தடுப்பூசிகூடத் தயாரித்தார்கள்.

சிகிச்சையிலும் அதே உறுதி. ஆஸ்பிரினை நாளுக்கு 8 கிராமிலிருந்து 31 கிராம் வரை கொடுக்கச் சொன்னார்கள். இன்று இதய நோயாளிகள் தினம் போடுவது 75 மில்லிகிராம் மாத்திரை. 8 கிராம் என்றால் அதில் நூற்றுக்கும் மேல். அன்றைய சாவுகளில் ஒரு பங்குக்கு அந்த ஆஸ்பிரினே காரணமாக இருந்திருக்கலாம் என்று 2009இல் கேரன் ஸ்டார்கோ என்ற மருத்துவர் எழுதினார். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இறந்தார்கள். இங்கே பலருக்கு ஆஸ்பிரின் கண்ணில்கூடப் பட்டிருக்காது. அது வேறு கதை.

1933இல்தான் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் உண்மையைப் பிடித்தார்கள். நோயாளியின் தொண்டை கழுவிய நீரை, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, கீரி போன்ற ஃபெரட் பிராணிகளின் மூக்கில் விட்டார்கள். அவற்றுக்குக் காய்ச்சல் வந்தது. காரணம் வைரஸ், சாதாரண நுண்ணோக்கியில் தெரியாத அளவு சிறியது. பிறகு ஸ்மித்துக்கே ஃப்ளூ வந்தது. அவரிடமிருந்து எடுத்த வைரஸ் வகைக்கு அவர் முதலெழுத்துகளே பெயர்: டபிள்யூ.எஸ்.

மருத்துவர்களைக் குறை சொல்வது சுலபம். வைரஸைப் பார்க்கக் கருவி இல்லாத காலத்தில் தெரியாமல் இருந்தது குற்றமில்லை. தெரிந்ததுபோல் நடந்ததுதான் சிக்கல். அதிலும் நமக்குப் பங்குண்டு. ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும் டாக்டரிடம் எத்தனை பேர் மறுபடி போவோம்? ஊசி போட்டு அனுப்புகிறவருக்குத்தானே கைராசிக்காரர் பட்டம்.

‘தெரியவில்லை’ என்று சொல்லும் துணிச்சல் ரோசனோவுக்கு இருந்தது. காரணமும் பரவும் விதமும் தெரியும் என்று நம்பி இறங்கினோம், இப்போது நமக்கு என்ன தெரியும் என்பதே உறுதியில்லை என்ற பொருளில் 1919இல் அச்சிலேயே எழுதினார். நூறாண்டு கழித்து, 2020 மார்ச் 28 அன்று, கொரோனா காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு மறுக்க வேண்டியிருந்தது. அதற்குள் நாம் காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவி முடித்திருந்தோம்.

ஃபைஃபரின் கிருமிக்குப் பிழை நீங்கியும் பெயர் மாறவில்லை: ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்சே. குழந்தைகளுக்கு நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் தருவது, அதனளவில் பொல்லாததுதான். 2011 டிசம்பரில் தமிழகமும் கேரளமும் நாட்டிலேயே முதலில் அரசுத் திட்டத்தில் தொடங்கிய பென்டாவேலன்ட் தடுப்பூசியில், ஐந்தில் ஒன்றாக ‘ஹிப்’ என்று இருக்கிறதே, அது இதற்கானது. 6, 10, 14 வாரங்களில் தவறாமல் போடுங்கள். ஆனால் பெயரைப் பார்த்து, குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். ஃப்ளூ ஊசி வேறு.