குகையைக் கண்டுபிடிச்சாச்சு, அடுத்து?

இந்த எபிசோட்ல 'எ கிராக் இன் தி மவுன்டன்' டாக்குமென்டரி பத்திப் பேசலாம். 2022-ல வந்தது, இயக்குநர் அலஸ்டர் எவன்ஸ். வியட்நாம்ல இருக்கிற சோன் டூங் குகைதான் கதை.

உலகத்துலயே பெரிய குகைகள்ல இது ஒண்ணு. கொள்ளளவு சுமார் 3.85 கோடி கன மீட்டர். சில இடங்கள்ல கூரை 200 மீட்டர் உயரம். அம்பது மாடிக் கட்டடம் உள்ள நிக்கும்!

இது எப்படி உருவாச்சு? மழைத்தண்ணி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கிட்டு லேசான அமிலமா மாறும். அது சுண்ணாம்புப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும். கூடவே ஒரு ஆறும் லட்சக்கணக்கான வருஷமா உள்ள அரிச்சிருக்கு. ரெண்டு இடத்துல கூரை இடிஞ்சு வெயில் இறங்கினதால, குகைக்குள்ளயே காடு வளர்ந்திருக்கு.

1990 வாக்குல, அகில் கட்டை தேடிக் காட்டுக்குப் போன ஹோ கான், மழைக்கு ஒதுங்கின இடத்துலதான் இந்த வாயிலைப் பார்த்தார். உள்ளேர்ந்து காத்தும் ஆத்துச் சத்தமும் வந்துச்சாம். அப்புறம் வழியே மறந்துபோச்சு. 2008-ல திரும்பக் கண்டுபிடிச்சு, 2009-ல ஹோவர்ட் லிம்பர்ட் தலைமையிலான பிரிட்டிஷ் குழுவைக் கூட்டிட்டுப் போனார். அவங்கதான் அளந்து உலகத்துக்குச் சொன்னாங்க.

படம் சூடு பிடிக்கிறது அதுக்கப்புறம்தான். 2014-ல குகைக்கு ரோப் கார் விடுற திட்டம் வந்துச்சு. இப்போ வருஷத்துக்குச் சுமார் 1,000 பேருக்குத்தான் அனுமதி. நாலு நாள் பயணம், கட்டணம் சுமார் 3,000 டாலர். ரோப் கார் வந்தா கூட்டம் கூடும், காசு வரும்னு ஒரு கட்சி. குகை தாங்காதுன்னு இன்னொரு கட்சி.

முதல் கட்சியை ஈஸியா தள்ளிட முடியாது. போர்ல குண்டு மழை வாங்கின ஏழை மாகாணம் அது. மரம் வெட்டிப் பிழைச்ச சிலர் இப்போ பயணிகளுக்குச் சுமை தூக்கிச் சம்பாதிக்கிறாங்க. 3,000 டாலர் குடுத்து உள்ளூர்க்காரர் எத்தனை பேர் உள்ள போக முடியும்?

ஆனாலும் என் ஓட்டு அந்த 1,000 பேர் வரம்புக்குத்தான். சர்வர் திணறினா இன்னொண்ணு சேர்த்துக்கலாம், கோட் சொதப்பினா பழைய வெர்ஷனுக்குப் போயிடலாம். உடைஞ்ச சுண்ணாம்புத் தூணுக்கு ரோல்பேக் கிடையாது. வரம்பை வச்சுக்கிட்டு, வர்ற வருமானத்துல ஊருக்கு எவ்வளவு போகுதுன்னு பேசறதுதான் சரின்னு தோணுது.

இதுவரைக்கும் அங்க ரோப் கார் வரல. படம் பாருங்க, உங்க ஓட்டு எந்தப் பக்கம்னு சொல்லுங்க.