ஏரிக்குள் மட்கும் ஆகாயத்தாமரை

சென்னையில் கள்ளிக்குப்பத்தைச் சுற்றியுள்ள அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளில் கழிவுநீர் கலக்கும் இடங்களில் ஆகாயத்தாமரை செழிக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடியின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். பஞ்சு போன்ற காம்புக்குள் காற்று இருப்பதால் மிதக்கிறது. செத்தபின் காம்பு பழுப்பேறி, ஊறி, மூழ்குகிறது.

மூழ்கிய முதல் சில நாட்களிலேயே சர்க்கரை, பொட்டாசியம் போன்ற கரையும் பொருட்கள் நீரில் கசிந்துவிடும். பிறகு பாக்டீரியாவும் பூஞ்சையும் செல்லுலோஸைச் சிதைக்கும். இதற்கு ஆக்சிஜன் தேவை. மேலே பாய் விரித்தாற்போல் செடி மூடியிருந்தால் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும், மீன்கள் சாகும். அதன்பின் ஆக்சிஜன் வேண்டாத நுண்ணுயிர்கள் பொறுப்பேற்கின்றன. அடிச்சேற்றைக் கிளறினால் குமிழியாக வருவது பெரும்பாலும் மீத்தேன். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுடையது. சேறு கறுப்பாக இருப்பதற்கு இரும்பு சல்பைடு ஒரு காரணம். செடி உறிஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் மீண்டும் நீருக்கே திரும்பி, அடுத்த தலைமுறைக்கு உரமாகின்றன. அதனால் செடியை வாரி எடுத்துக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவது பாதி வேலைதான்: மழையில் சத்து மறுபடி ஏரிக்குள் இறங்கும்.

காட்டில் கதை வேறு. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை முழுதாக உடைக்க வல்லவை வெண்ணழுகல் பூஞ்சைகளே. வறண்ட நிலத்திலோ ஈரம் இல்லாததால் நுண்ணுயிர்கள் முடங்குகின்றன. கரையானும் வெயிலும் சிதைக்கும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. படகோனியாவின் அரைப்பாலையில் செய்த ஆய்வு, சூரிய ஒளியே சருகின் கார்பனை நேரடியாகக் காற்றில் கலக்கச் செய்வதை 2006-இல் காட்டியது.